யார் அறுத்த கோழி?

விருந்தாக வந்தவர் தம் முன் வைத்த கறியைத் தொடாது எழுந்தால், எங்கள் தோட்டத்து மக்கள் அதனைப் பசியின்மை என்று கொள்வதில்லை. அதற்கு வேறொரு பொருள் உண்டு என்பதைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் அறிந்து வைத்திருக்கின்றனர். ஒரு விடுமுறையின்போது எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இந்த அறிவு எவ்வளவு ஆழமானது என்பதையும், எவ்வளவு எளிதில் தவறிவிடக் கூடியது என்பதையும் எனக்கு ஒருங்கே உணர்த்திற்று.

ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரமானது. அதன் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே எங்கள் வீடு இருக்கின்றது. விடுதியில் ஈராண்டுகளாக என்னுடன் ஒரே அறையில் வாழும் தோழி அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாள். அவள் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். பதுளைவரை புகையிரதத்திலும், அங்கிருந்து பசறை வழியாகப் பஸ்ஸிலும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்று, தாம் வளர்த்த நாட்டுக் கோழிகளுள் கொழுத்த ஒன்றை அடித்துக் கறி வைத்திருந்தார். என் தோழி சோற்றையும் பருப்பையும் தேங்காய்ச் சம்பலையும் மனநிறைவோடு உண்டாள். கோழிக்கறியை மட்டும் தொடவில்லை. "நான் கோழி சாப்பிடுறதில்ல அம்மா" என்று அவள் சொன்னது பொய் என்பது எனக்குத் தெரியும். விடுதியில் வெள்ளிக்கிழமைதோறும் அவள் வாங்கிவரும் புரியாணியில் பாதி என்னுடையது.

அவள் உறங்கிய பின்னர் அம்மா அடுப்படியிலிருந்து மெல்லிய குரலில் கேட்டார்: "நம்ம கை பட்டதுன்னுதான் அந்தப் புள்ள தொடலையா?"

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையிலே தேநீர் வாங்கிக் குடித்ததாக என் பாட்டி சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்காக 1966 ஆம் ஆண்டு முதல் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களை நாம் விரிவுரை மண்டபத்தில் படிக்கின்றோம். என் பாட்டி அவற்றைப் படித்ததில்லை. எனினும் அந்தச் சிரட்டையின் கனத்தை அறிவார். அம்மாவும் அதே தராசினால்தான் என் தோழியை நிறுத்தார். நானோ, இரண்டு ஆண்டுகள் ஒருத்தியோடு ஒரே பானையில் தேநீர் ஊற்றிக் குடித்தும், அவள் எதனை உண்பாள், எதனை உண்ணாள், ஏன் உண்ணாள் என்று ஒருமுறையேனும் கேட்டறியாதவள். ஹலால் என்பது பக்கற்றுகளின் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் ஒரு முத்திரை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்கு விடை சொல்ல முடியாமற்போன வெட்கத்தினாலேயே இவ்விடயத்தை ஆராயத் தொடங்கினேன்.

முதலில் அவளையே கேட்டேன். தேயிலை மலைகளூடாக இறங்கிவரும்போது, சற்றுத் தயங்கியபின் அவள் விளக்கினாள். பின்னர் நூல்களிலும் படித்தறிந்தேன். ஹலால் என்பதற்கு ஆகுமானது என்பது பொருள். பன்றியும், தானாகச் செத்ததும், வடிந்தோடும் இரத்தமும், இறைவனல்லாத வேறொருவரின் பெயரால் அறுக்கப்பட்டதும் குர்ஆனில் விலக்கப்பட்டுள்ளன. உண்ணத்தக்க பிராணியாயினும் அறுக்கும் வேளையில் அது உயிரோடிருத்தல் வேண்டும். அறுப்பவர் புத்தி சுவாதீனமுள்ள முஸ்லிமாக இருத்தல் வேண்டும். கத்தி கூரியதாக இருத்தல் வேண்டும். இறைவனின் பெயரைக் கூறிக் கழுத்தின் முன்புறத்தால் அறுத்து மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் இருமருங்கிலுமுள்ள இரத்தக் குழாய்களையும் துண்டித்து, இரத்தத்தை வடியவிட வேண்டும். மத்ஹபுகளிடையே சிற்சில வேறுபாடுகள் உண்டு. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முற்றாக அறுபடுவது கட்டாயம். பெயர் கூறுதல் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. ஹனபி மத்ஹபிலோ நான்கிலே மூன்று அறுபட்டாற் போதும். ஆயின் பெயர் கூறுவதை வேண்டுமென்றே விட்டால் இறைச்சி ஆகாது. பிராணியின் கண்முன்னே கத்தியைத் தீட்டலாகாது, ஒன்றின் முன்னே மற்றொன்றை அறுக்கலாகாது என்னும் ஒழுக்கங்களும் உண்டு. பாடசாலையிலே நாம் அறிந்துகொண்ட சீறாப்புராணத்தில், வேடனிடம் அகப்பட்ட மானுக்காக நபிகள் பிணை நின்றதைக் கூறும் படலம் ஒன்று உள்ளதல்லவா? அதனையும் இவ்விதிகளையும் அருகருகே வைத்து நான் அதுவரை எண்ணியதில்லை.

இனி, அம்மாவின் கோழிக்கு வருவோம். எங்கள் லயத்தில் கோழியைக் கழுத்தைத் திருகிக் கொல்வார்கள், அல்லது தலையில் அடிப்பார்கள். உடனே கொதிநீரில் அமிழ்த்தி இறகு பிடுங்குவார்கள். திருகியதும் அடித்ததும் ஹலால் ஆகா. அடித்தே கொல்லப்பட்டதைக் குர்ஆன் தனியாகப் பெயர் சொல்லி விலக்குகின்றது. எனவே என் தோழி மறுத்தது அம்மா சமைத்ததனால் அன்று. கோழி இறந்த விதத்தினால். அம்மா சமைத்த பருப்பை அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள் என்பதே அதற்குச் சான்று. தீண்டாமை சமைத்த கையைப் பார்க்கும். ஹலால் அறுத்த கையைப் பார்க்கும். இவ்வாறு நான் அம்மாவுக்கு விளக்கியபோது, எனது விடை மிக நேர்த்தியாக அமைந்துவிட்டது என்றே எண்ணினேன்.

அம்மா சிறிது நேரம் யோசித்தார். "சரி, நானே கழுத்த அறுத்துக் கொன்னிருந்தா அது சாப்பிட்டிருக்குமா?" என்று கேட்டார்.

சாப்பிட்டிருக்கமாட்டாள். இங்கேதான் எனது நேர்த்தியான விடை முறிந்தது. அறுப்பவர் முஸ்லிமாக இருத்தல் வேண்டும் என்னும் விதி அம்மாவின் கையை விலக்கத்தான் செய்கின்றது. வேதம் அருளப்பட்ட யூதர், கிறித்தவர் ஆகியோரின் உணவு ஆகும் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுவதை நான் சொன்னதும் அம்மாவுக்கு மேலும் பொறுக்கவில்லை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் வேதக்காரக் குடும்பம் ஒன்று உண்டு. "அவுங்க அறுத்தா ஆகும், நாங்க அறுத்தா ஆகாதா?" அந்த அனுமதிக்கும் ஷாபிஈ மத்ஹபில் கடுமையான நிபந்தனைகள் உண்டு என்று என் தோழி எனக்கு முன்னரே விளக்கியிருந்தாள். ஆனால் அன்று நான் அதனைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயன் விளைந்திராது. அறுத்தல் என்பது இஸ்லாத்தில் வெறுங் கொலையன்று, ஒரு வழிபாட்டுச் செயல். ஆகவே வழிபடுபவரே அதனைச் செய்ய வேண்டும் என்று கொள்ளலாம். எங்கள் கோயிலின் கருவறைக்குள் எவரெவர் நுழையலாம் என்பதற்கு நாம் கூறும் காரணங்களை விட இது வலுக்குறைந்த காரணமன்று. இருப்பினும் மறுக்கப்பட்டவருக்கு மறுப்பு மறுப்புத்தான். அம்மாவின் மனவருத்தத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இதில் விசித்திரமான ஒன்றையும் கூறவேண்டும். தீபாவளிக்கு நாங்கள் ஆட்டிறைச்சி வாங்குவது பதுளை நகரிலுள்ள முஸ்லிம் இறைச்சிக் கடையிலேயே. அந்த ஆடு முறைப்படி அறுக்கப்பட்டது. அதனை நாங்கள் சாமிக்குப் படைத்து உண்டு வருகின்றோம். "எந்தச் சாமி பேரச் சொன்னா என்ன, ஆடு ஆடுதானே" என்பது அம்மாவின் சித்தாந்தம். ஆகவே, அன்று அவர் கடையிலிருந்து ஒரு கிலோ இறைச்சியை வாங்கி வந்திருந்தால் என் தோழி கேட்டு வாங்கி உண்டிருப்பாள். கடை இறைச்சி விருந்தாளிக்கு மரியாதையாகாது என்று கருதித் தம் கையால் வளர்த்ததையே அடித்த அன்புதான் குறுக்கே நின்றது. ஆடி மாதத்தில் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஒரே வெட்டில் வெட்டப்படும் கிடாயின் பங்கு வீட்டுக்கு வீடு வரும். அதனையும் அவள் உண்ண முடியாது. அங்கே பெயர் வேறு.

மறுநாள் பதுளைக்கு வந்தோம். அம்மாவும் மருந்து எடுப்பதற்காக எங்களுடன் வந்தார். நண்பகலில் பசித்தது. எந்தக் கடைக்குப் போவது என்பதை அன்று முதன்முறையாக என் தோழியின் கண்களால் பார்த்தேன். ஒரு கடையின் பெயர்ப்பலகையில் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. இன்னொன்றில் ஹலால் என்று அரபியிலும் தமிழிலும் எழுதிய ஒட்டுத்தாள் மட்டும் இருந்தது. மூன்றாவது ஒரு சீன உணவகம். அங்கே பன்றி இறைச்சியும் மதுவும் பரிமாறப்பட்டன, ஆயினும் "எங்கட கோழி ஹலால் கோழிதான்" என்றார் வாசலில் நின்ற பணியாளர். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். இன்று நகரங்களில் விற்கப்படும் உறைந்த கோழிகளுட் பெரும் பகுதி ஹலால் சான்றிதழ் பெற்ற பெரிய நிறுவனங்களிலிருந்தே வருகின்றது. ஆனால் கோழி ஹலாலாக வந்து சேர்ந்தாலும், பன்றியைப் பொரித்த எண்ணெயிலே அதனைப் பொரித்தால் என் தோழிக்கு அது ஆகாது. பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் விதி. எந்தச் சீன உணவகம் மண் போட்டுச் சட்டி கழுவும்?

முதற் கடைக்கே போனோம். அவள் எதனையும் விசாரிக்காமல் உட்கார்ந்தாள். முஸ்லிம் ஒருவர் தாம் விற்பது ஹலால் என்று கூறினால் அவருடைய சொல்லே போதுமானது. துருவித் துருவி ஆராய்வது வேண்டப்படுவதில்லை என்று அவள் சொன்னாள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சிலர் இறைச்சி கொண்டுவருகின்றனர், அவர்கள் இறைவனின் பெயரைக் கூறினார்களா என்பது தெரியவில்லை என்று கேட்டவர்களிடம், நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபிகள் விடை பகர்ந்ததாக ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் ஒன்றையும் எடுத்துக்காட்டினாள். நம்பிக்கை இருக்கும் இடத்தில் சான்றிதழ் வேண்டியதில்லை.

விசாரித்தவர் அம்மாதான். கொத்து ரொட்டி கொத்திக்கொண்டிருந்தவரிடம் எழுந்து சென்று, "நானா, இந்தத் தட்டுலதான் மாட்டெறச்சி கொத்தும் போடுவீங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புகுவதில்லை. அவர் சிறிதும் முகஞ்சுளிக்கவில்லை. "போடுவோம்தான் அம்மா. உங்களுக்குக் கழுவிப் போட்டுத் தாறன்" என்று சொல்லித் தகட்டில் நீரூற்றிச் சுரண்டித் துடைத்துக் காட்டினார். அம்மா அருகில் நின்று மேற்பார்வை செய்தார். அதன் பின்னரே வந்து உட்கார்ந்தார். என் தோழி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தார்.

கண்ணெதிரே தகட்டைச் சுரண்டிக் காட்ட ஆளிருக்கும் சிறு கடையில் இது போதும். தொழிற்சாலையில் மணிக்கு ஆயிரக்கணக்கில் கோழி அறுபடும்போது யாரை அழைத்துக் கேட்பது? சான்றிதழின் தேவை இங்கேதான் எழுந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனமும் உலக சுகாதாரத் தாபனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு 1997 இல் ஹலால் என்னும் சொல்லை உணவுப் பொருள்களில் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அறுப்பவர், கத்தி, பெயர் கூறுதல், பிராணி உயிரோடிருத்தல் ஆகியவற்றோடு, ஹலால் உணவு மற்றையவற்றிலிருந்து பிரித்துத் தயாரிக்கப்பட்டு, ஏற்றப்பட்டு, சேமிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. மலேசியாவில் இதற்கென எம்.எஸ். 1500 என்னும் தேசிய நியமம் இருக்கின்றது. அறுக்குமுன் மின்னதிர்ச்சியால் பிராணியை மயக்கலாமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. மயக்கத்திலிருந்து மீளக் கூடியதாக இருந்தால் ஆகும் என்போர் உளர். நியூசிலாந்தின் ஏற்றுமதி ஆடுகள் அம்முறையிலேயே அறுக்கப்படுகின்றன. அதிர்ச்சியிலேயே பிராணி இறந்துவிட்டால் அது செத்ததாகிவிடும் என அஞ்சி, மயக்குவதை முற்றாக மறுப்போரும் உளர்.

இலங்கையில் 1924 இல் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இச்சான்றிதழை வழங்கி வந்தது. 2013 பெப்ரவரி 17 இல் மகரகமவில் பொது பல சேனா கூட்டிய பெருங்கூட்டத்தில் ஹலால் முத்திரையை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை முழங்கிற்று. பௌத்தர்கள் ஏன் இன்னொரு மதத்தின் முத்திரைக்காகப் பணம் செலுத்த வேண்டும் என்பது அவர்களின் வாதம். கட்டணம் விலையில் சேருமா, எவ்வளவு சேரும் என்பன நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்விகளே. ஆனால் அக்கூட்டங்களில் அவை கேள்விகளாகக் கேட்கப்படவில்லை. அவ்வாண்டு மார்ச் 11 இல் உள்நாட்டுச் சந்தைப் பொருள்களிலிருந்து முத்திரையை நீக்க இணக்கம் அறிவிக்கப்பட்டது. 2014 முதல் சான்றிதழ்ப் பணியை, உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட தனி நிறுவனமாகிய ஹலால் அக்கிரெடிட்டேசன் கவுன்சில் பொறுப்பேற்று நடத்தி வருகின்றது. முத்திரை எவரையும் உண்ணுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. உள்ளதை உள்ளபடி தெரிவிக்கின்றது. வேண்டியவர் எடுக்கவும் வேண்டாதவர் விலக்கவும் அது ஒன்றே வழி. அதனை அழிக்கச் சொன்னவர்கள், தாம் விலக்க விரும்பியதை அடையாளங் காணும் வழியையும் சேர்த்தே அழிக்கச் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கின்றது.

உணவகத்தில் ஒரு கேள்வி எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு அம்பாறை சான்று. 2018 பெப்ரவரி 26 இரவு அங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறியிற் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்தா என்று சிங்களத்திற் கேட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் தடுமாறி ஏதோ ஆமோதித்துவிட்டார். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அது வெறும் மாக்கட்டி என்றே தெரியவந்தது. அடுத்த வாரமே கண்டிக்கு அண்மையில் திகன எரிந்தது. அப்போது என் தோழி அக்குறணையிலே பாடசாலை மாணவி. அவள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அன்று கோழிக்கறி வேண்டாம் என்பதற்கு உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் ஏன் ஒரு பொய்யைச் சொன்னாய் என்று நான் கேட்டபோது, "ஹலால் எண்டு சொன்னா மத்தவங்கட முகம் மாறும். அத எத்தனையோ இடத்துல பாத்துட்டன்" என்றாள். அம்மாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு சிரட்டை இருந்தது போலவே இவளது பொய்க்குப் பின்னாலும் ஒன்று இருந்தது.

இதனை நான் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் கூறவில்லை. ஒரு வாரம் கழித்துத் தாமாகவே அழைத்து, "அடுத்த லீவுக்கு அந்தப் புள்ளயக் கூட்டியா. கோழிய உசுரோட வச்சிருக்கேன். அதுவே வந்து அறுத்துக்கட்டும்" என்றார். பெண் அறுக்கலாமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அறுக்கலாம். ஆடு மேய்த்த அடிமைப் பெண்ணொருத்தி சாகுந்தறுவாயிலிருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்ததை நபிகள் ஏற்றுக்கொண்டதாக ஹதீஸ் உண்டு. ஆனால் என் தோழி தன் வாழ்நாளில் ஒரு கோழியையேனும் அறுத்தவளல்லள். இரத்தம் கண்டால் தலைசுற்றுபவள். தன் வாப்பாவிடம் மூன்று முறை தொலைபேசியிற் பாடம் கேட்டுக்கொண்டாள். சட்டியைப் பற்றியும் அவள் கேட்டாக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எப்போதோ ஒருமுறை காட்டுப்பன்றிக் கறி சமைத்ததுண்டு. ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். "மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்க்காத சட்டி நம்ம லயத்துல ஏது?" என்றார். ஆயினும் எண்ணி ஏழு தரம் கழுவினார்.

பீலிக்கரையில் வைத்து அறுத்தோம். வீட்டிலிருந்த கத்திகளுள் கூரியது அப்பாவின் கவ்வாத்துக் கத்திதான் என்று அம்மா அதனையே தீட்டி வைத்திருந்தார். கோழி காணாதபடி கதவுக்குப் பின்னால் வைத்துத் தீட்டினாராம். அம்மா சிறகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டுத் தாமே மேற்கே திருப்பினார். என் தோழியின் கை நடுங்கிற்று. பெயர் கூறினாள்; கத்தியை எடுக்காமல் ஒரே இழுப்பில் அறுத்து முடித்துவிட்டு, பீலியின் சுவரிற் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

அம்மா வழக்கம்போல வெந்நீர்ச் சட்டியை இறக்கி வந்தார். முன்பெல்லாம் துடிக்கத் துடிக்க அமிழ்த்துபவர், அன்று சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குந்தியிருந்தார்.

"இப்பப் போடலாமா புள்ள?"

"இன்னுங் கொஞ்சம் அம்மா. முழுசா அடங்கட்டும்."

அம்மா கோழியின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.